கணினிக்குள் கணினியும் வட்டுப் பிழையும்

கல்முனைக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவர், அலையோசை செவியை விட்டு அகலுமுன்னரே வயல்வெளியைக் கண்டுவிடுவர். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்கள். அவற்றுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வட்டைகளுக்குப் பாயும் நீர் அவ்விடத்தில் ஊறும் நீரன்று. 1949 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாக இங்கினியாகலையில் தேக்கப்பட்ட நீர், பெருவாய்க்கால், கிளைவாய்க்கால், மதகு எனப் பல படிகளைக் கடந்தே கடைக்கோடி வயலை வந்தடைகின்றது.

ஒரு நாள் வயலுக்கு நீர் வரவில்லையெனில் அநுபவம் வாய்ந்த வேளாண்மைக்காரர் தம் வரம்பை மட்டும் வெட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அயல் வயலுக்கு நீர் வந்ததா என்று கேட்பார். கிளைவாய்க்கால் வழியே மேலே நடந்து சென்று மதகைப் பார்ப்பார். வட்டைவிதானையாரை விசாரிப்பார். குளத்திலே நீர் உண்டா என்பதையும் அறிந்துகொள்வார். குறை காணப்பட்ட இடம் ஒன்று, குறை பிறந்த இடம் வேறொன்றாக இருக்கலாம் என்பதை அவர் நன்கு அறிவார்.

இந்த அறிவு வயலுக்கு மாத்திரம் உரியதன்று. இன்று வணிக நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் கணக்கையும் பதிவையும் தாங்கி நிற்கும் கணினிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுள்ளும் 'மெய்நிகர் கணினி' எனப்படும் கணினிக்குள் கணினிக்கு இது மிகவும் பொருந்தும்.

மெய்நிகர் கணினி என்பது யாது? உண்மையான கணினி ஒன்றின் உள்ளே, மென்பொருளின் வல்லமையால் தனிக்கணினி போன்று இயங்கும் மற்றொன்று. அதனைத் தாங்கி நிற்கும் உண்மையான கணினியைத் தாய்க் கணினி எனலாம். இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1960களின் நடுவிலே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தார், ஒரே பெருங்கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் பொருட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக்கணினி வாய்த்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கினர். பெரிய வட்டைப் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் 'மினிடிஸ்க்' என்னும் சிறுவட்டை அளித்தனர். 1972 இல் அது 'வீஎம்/370' என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. 1999 இல் வீஎம்வேர் நிறுவனத்தார் அதனைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். 2007 இல் 'கேவிஎம்' என்னும் பகுதி லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. ஒரு பெட்டியை வாங்கி அதனுள் நான்கு கணினிகளை நடத்தலாம் என்ற சிக்கனமே இம்முறை எங்கும் பரவியதற்குக் காரணம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மெய்நிகர் கணினி தன்னுடையது என்று கருதும் வட்டு உண்மையான வட்டன்று. அது பெரும்பாலும் தாய்க் கணினியிலே கிடக்கும் ஒரு பெருங்கோப்பு, அல்லது பொதுச் சேமிப்பிலிருந்து வகுத்துக் கொடுத்த ஒரு பங்கு. உள்ளே இருந்து எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் மெய்நிகர் வட்டு, தாய்க் கணினியின் கோப்பு முறைமை, அதன் கட்டுப்பாட்டுக் கருவி, கம்பி, இறுதியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் உண்மை வட்டு எனப் பல மதகுகளைக் கடந்தே நிலைபெறுகின்றது.

இயங்குதளத்தின் நடுவே நின்று, மென்பொருள்களின் வேண்டுகோளை ஏற்று, வன்பொருளை ஏவி வேலை வாங்கும் பகுதிக்குக் 'கேர்னல்' என்று பெயர். தமிழில் 'கரு' என்பர். 1991 இல் லீனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடிப்படையில் இத்தகைய ஒரு கருவே. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கரு கடைக்கோடி வயலில் நிற்பவரைப் போன்றது. நீர் வந்ததா, வரவில்லையா என்பது மாத்திரமே அதற்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது.

மருதமுனையிலே கைத்தறிச் சாரனும் சேலையும் மொத்தமாக விற்கும் வணிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்க. அவருடைய கணக்கு முழுவதும் ஒரு மெய்நிகர் கணினியில் இருக்கின்றது. ஒரு நாட்காலை பற்றுச்சீட்டு எழுத முற்பட்டால் எழுத முடியவில்லை. பழைய கணக்கைப் படிக்க மட்டும் முடிகின்றது. திரையிலே 'ஐ/ஓ எரர்' என்றொரு வரி. அதன் கீழே, கோப்பு முறைமை 'ரீட் ஒன்லி' ஆக மாற்றப்பட்டது என்று மற்றொரு வரி. கணினியைக் கவனிக்கும் இளைஞரை அழைக்கின்றார்.

"தம்பி, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்களேன்."

"பொறுங்கள், ஹாஜியார். இப்போது அணைத்தால் சாட்சி அழிந்துவிடும்."

இளைஞர் சொன்னதில் ஆழ்ந்த பொருள் உண்டு. 'ஐ/ஓ எரர்' என்பது, கரு ஒரு தொகுதியை எழுதவோ வாசிக்கவோ கேட்டது, கீழிருந்து 'இயலாது' என்ற மறுமொழி வந்தது என்பதன்றி வேறன்று. 'ரீட் ஒன்லி' ஆனது நோயன்று, அது காப்பு. எழுத்து எங்கே போகின்றது என்பது நிச்சயமில்லாதபோது, மேலும் எழுதி உள்ளதையும் குலைத்துவிடாதபடி கருவானது பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அதனை வலிந்து மீண்டும் எழுதும் நிலைக்கு மாற்றுவது, வைத்தியர் கட்டிய கட்டை அவிழ்த்தெறிவது போலாகும்.

சாட்சி அழியும் என்பதும் உண்மையே. கரு தான் கண்ட பிழைகளை முதலில் தன் நினைவகத்திலே குறித்து வைக்கின்றது. வழக்கமாக அக்குறிப்பு வட்டிலும் எழுதப்படும். ஆனால் பழுதானதே வட்டாயிருக்கையில் எங்கே எழுதுவது? கணினியை அணைத்தால் நினைவகம் வெறுமையாகும். பிழையின் வரலாறும் உடன் போகும். ஆதலால் முதற்கருமம், 'டீமெசெக்' என்னும் கட்டளையால் அக்குறிப்பைத் திரைக்குக் கொண்டுவந்து, வேறொரு கணினிக்கு அனுப்புவதோ படம் பிடித்து வைத்துக்கொள்வதோ ஆகும்.

அக்குறிப்பில் நோக்க வேண்டியவை மூன்று. எந்த வட்டு, எந்த இடம், எந்த நேரம். பிழைகள் யாவும் ஒரே செக்டரையே சுட்டுமாயின் வட்டிலே ஓரிடம் பழுதாகியிருத்தல் கூடும். இடங்கள் சிதறியிருந்து நேரம் ஒன்றாயிருப்பின், அந்நேரத்தில் கீழே வாய்க்கால் முழுவதுமே தடைப்பட்டிருக்க வேண்டும். பிழைக்கு முன்னர் 'டைம்அவுட்' என்ற சொல் காணப்படின், வட்டு மறுக்கவில்லை, தாமதித்தது என்பது பொருள். லினக்ஸ் கரு இவ்வகை வட்டொன்றின் மறுமொழிக்காக வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். வலையமைப்பின் வழியே தொலைவிலுள்ள சேமிப்பைப் பயன்படுத்தும் இடங்களில் இக்காலம் போதாமற்போவதுண்டு. இதனாலேயே வீஎம்வேர் தன் துணைக்கருவிகளின் வாயிலாக அதனை 180 விநாடியாக நீட்டி வைக்கின்றது.

அடுத்து அயல் வயலை விசாரித்தல். அதே தாய்க் கணினியில் இயங்கும் ஏனைய மெய்நிகர் கணினிகளும் அதே வேளையில் துன்புற்றனவா? மருதமுனை இளைஞர் இதனைக் கேட்டு அறிந்தபோது, உடனிருந்த மற்றிரண்டும் அதே நிமிடத்தில் 'ரீட் ஒன்லி' ஆகியிருந்தன என்று வைத்துக்கொள்க. மூன்று வயலும் ஒருங்கே வறண்டால் மூன்று வரம்பும் ஒரே நேரத்தில் உடைந்தன என்று எவரும் கொள்ளார். மேலே செல்ல வேண்டியதுதான்.

தாய்க் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது இடம். இங்கேதான் பலரும் அறியாத ஓர் ஏற்பாடு உள்ளது. 500 கிகாபைட் கொள்ளும் சேமிப்பிலிருந்து மூன்று கணினிகளுக்குத் தலைக்கு 300 கிகாபைட் தருவதாக வாக்களிக்கலாம். கூட்டினால் 900. எல்லோரும் ஒரே காலத்தில் முழுப்பங்கையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அளிக்கப்படும் வாக்குறுதி அது. 'தின்' முறை ஒதுக்கீடு என்று இதற்குப் பெயர். குளத்து நீரின் அளவை நோக்காது, வட்டைகள் அனைத்துக்கும் காகிதத்தில் நீர்ப்பங்கு எழுதிக் கொடுப்பதை இது ஒக்கும். மாரி பொய்க்காதவரை குறை தோன்றாது. ஒரு நாள் சேமிப்பு நிரம்பிவிடும். அப்போது உள்ளே இருக்கும் கரு, தன் கணக்கின்படி இன்னும் பாதி வட்டு வெறுமையாக இருக்க, எழுத முடியவில்லையே என்று திகைக்கும்.

நிரம்புதற்குப் பெருங்காரணம் ஸ்னாப்ஷொட் எனப்படும் நிலைப்பதிவுகள். மென்பொருளைப் புதுப்பிக்குமுன் முன்னெச்சரிக்கையாக ஒன்றை எடுத்துவிட்டு நீக்க மறந்தால், அன்று முதல் நிகழும் மாற்றம் ஒவ்வொன்றும் தனியே இடம்பிடித்துக்கொண்டே போகும். இடம் தீர்ந்தபோது எல்லா மென்பொருளும் ஒரே விதமாக நடப்பதுமில்லை. கேவிஎம்முடன் இயங்கும் கியூஎமு, தாய்க் கணினியில் இடமில்லை என்று கண்டால் மெய்நிகர் கணினியை உறங்கவைத்துக் காத்திருப்பதையே வழக்கமாகக் கொண்டது. லினக்ஸின் 'தின் பூல்' என்னும் சேமிப்புத் தொட்டியோ, இயல்பான அமைப்பில் 60 விநாடி பொறுத்துப் பார்த்து, பின்னர் பிழையென அறிவித்துவிடும். மருதமுனை வணிகரின் கணினிக்கு நேர்ந்தது இதுவே எனக் கொள்ளலாம். வட்டு பழுதாகவில்லை, கரு தவறவில்லை, தொட்டி நிரம்பிவிட்டது. வேண்டாத நிலைப்பதிவை நீக்கியோ தொட்டியைப் பெருக்கியோ இடமுண்டாக்குவதே பரிகாரம்.

இடம் போதிய அளவு இருப்பின், தேடல் இன்னும் கீழே இறங்க வேண்டும். தாய்க் கணினியின் கருவும் தன் குறிப்பேட்டை வைத்திருக்கும். அதிலும் வட்டுப் பிழை காணப்படின் நோய் உண்மை வட்டிலோ அதன் வழியிலோ உள்ளது. இன்றைய வட்டுகள் 'ஸ்மார்ட்' என்னும் முறையால் தம் உடல்நிலையைத் தாமே பதிந்து வைக்கின்றன. பழுதடைந்து மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் எத்தனை, வாசிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை என்பவற்றை அதிலே காணலாம். இத்தொகைகள் நாளுக்கு நாள் பெருகுமாயின் அவ்வட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கின்றது. அவை அசையாதிருக்க, 'சீஆர்சி' பிழைகள் மட்டும் பெருகினால் வட்டைக் குறை கூறுவதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நன்று. சில நூறு ரூபாய்க் கம்பியின் குற்றத்துக்காகப் புதுவட்டு வாங்கியவர் பலர்.

மின்தடையும் மறக்கத்தகாத காரணம். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுதப்பட்டவை யாவும் அக்கணமே வட்டில் பதிவதில்லை. விரைவு கருதி இடையிலுள்ள நினைவகங்களிலே தங்கிச் செல்லும். மெய்நிகர் கணினியிலோ இத்தகைய தங்குமிடங்கள் இருமடங்கு. உள்ளிருக்கும் கரு 'எழுதியாயிற்று' என்று நம்பும் வேளையில், அவ்வெழுத்து தாய்க் கணினியின் நினைவகத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அந்நேரம் மின்சாரம் நின்றால், உண்டென்று நம்பியது இல்லையாகும்.

இந்நம்பிக்கையைப் பற்றி 2018 ஆம் ஆண்டில் ஓர் உண்மை வெளிப்பட்டு உலகெங்குமுள்ள வல்லுநர்களைத் திடுக்கிடச் செய்தது. போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளை ஆக்குவோர், வட்டில் எழுதுவது தவறினால் லினக்ஸ் கரு அப்பிழையை ஒரு முறை அறிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதியதாகவே கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடும் என்பதை உணர்ந்தனர். மறுமுறை கேட்டால் 'யாவும் நலம்' என்ற விடையே வரும். 2019 இல் அவர்கள் தம் மென்பொருளைத் திருத்தினர். அத்தகைய பிழை ஒன்று நேர்ந்தவுடன் தரவுத்தளம் தன் இயக்கத்தை நிறுத்தி, தன் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து யாவற்றையும் மீளச் சரிபார்க்கும்படி செய்தனர். ஒரு முறை தோன்றி மறைந்த பிழையைத் 'தானே சரியாகிவிட்டது' என்று எண்ணி விடலாகாது என்பது இதனால் விளங்கும்.

காரணம் தெரிந்து அது நீக்கப்பட்ட பின்னரே பழுதுபார்த்தல் தொடங்க வேண்டும். கோப்பு முறைமையைத் திருத்துவதற்கு 'எஃப்எஸ்சிகே' என்னும் கருவி உண்டு. அது வல்லமை மிக்கது. ஆதலால் அச்சத்துடன் கையாளத்தக்கது. அது ஒழுங்கை நிலைநாட்டும் கருவியேயன்றி, இழந்ததை மீட்டுத் தரும் கருவியன்று. உருக்குலைந்த பகுதியை வெட்டியெறிந்தாயினும் மீதியை ஒழுங்குபடுத்திவிடும். வெட்டியெறிந்தது கணக்கேடாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் மெய்நிகர் கணினியை முறைப்படி நிறுத்தி, வட்டுக்கோப்பு முழுவதையும் வேறொரு நல்ல வட்டுக்குப் பிரதி செய்துகொள்ள வேண்டும். அதன்பின் எதனையும் மாற்றாது பார்வையிடும் முறையில் அக்கருவியை ஓட்டி, அது என்ன செய்ய நினைக்கின்றது என்று அறிய வேண்டும். திருத்துவதைப் பிரதியின்மேல் செய்து, பயன் கண்ட பின்னரே மூலத்தைத் தொட வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டுக்கோப்பை வெளியிலிருந்து திருத்த முயல்வதோ, ஒரே வட்டுக்கோப்பை இரு கணினிகளுக்கு ஒருங்கே கொடுப்பதோ, நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடும்.

ஒரு வணிகரின் கணக்குக்கு இத்தனை பாடு வேண்டுமா என்று சிலர் வினவலாம். அக்கேள்வியை அம்பாறைக் கரையோரத்து மக்கள் கேட்கமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாட்காலையில் கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை. அங்கே மாண்டவர் 10,000க்கும் மேற்பட்டோர். உயிர் தப்பியவர்களுள் பலருக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்று இல்லை, காணி உறுதி இல்லை. தாம் யார், தமக்கு உரியது எது என்பதை மெய்ப்பிக்கும் காகிதம் அலையோடு போயிற்று. பதிவு என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அதை இழந்த பின்னரே பலர் உணர்ந்தனர்.

அப்பேரிடரின் பின் சில வாரங்களுக்குள் இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் தன்னார்வத்துடன் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்வதற்குச் 'சஹானா' என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது உதவியது. இழந்த பதிவின் துயரிலிருந்து பிறந்த கருவி, பிறநாட்டார் துயரையும் துடைக்க முற்பட்டமை இந்நாட்டுக்குப் பெருமை.

ஆயினும் கணினியில் ஏற்றியதனால் மாத்திரம் பதிவு அழியாத் தன்மை பெற்றுவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கணினி முகில், பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருளால் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான அரசாங்க மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. அக்காலப் பகுதிக்குத் தனியே ஒதுக்கி வைத்த பிரதி இல்லாமையே காரணம். செல்வமும் தொழினுட்பமும் மிக்க தென்கொரியாவும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜொன் நகரிலிருந்த அரசாங்கத் தரவு நிலையத்திலே தீப்பிடித்தது. அரசாங்க ஊழியர் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கொண்ட சேமிப்பு முற்றாக அழிந்தது. அதற்கும் வெளியிடத்தில் பிரதி இருக்கவில்லை.

பிரதி வைப்பதற்குக் கணினி அறிஞர் ஒரு விதி வகுத்துள்ளனர். பிரதிகள் மூன்று இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். இது புதுமை போலத் தோன்றும். ஆனால் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவன்றோ! மூலத்தைக் காணிக்காரரிடம் கொடுக்கின்றார். ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றார். மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகின்றார். வீட்டிலிருந்த உறுதியைக் கடல் கொண்டுபோயினும், மற்றிரண்டில் ஒன்று நிலைத்திருப்பின் காணி போகாது.

மெய்நிகர் கணினியில் எடுக்கும் நிலைப்பதிவைப் பிரதியென்று மயங்குவோர் பலர். அது அதே தாய்க் கணினியில், அதே வட்டிலே கிடப்பது. வீட்டு அலுமாரியில் இருந்த உறுதியை எடுத்து மறு தட்டில் வைப்பது பிரதியாகுமா? வீடு போனால் இரு தட்டும் போகும். பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும். அஃதன்றி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து, அதிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். திறந்து பாராத பிரதி, எண்ணிப் பாராத கடனைப் போன்றது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்துள்ளது. கரையோரத்து இளைஞர் கணினித் தொழிலைத் தம் ஊரிலேயே கற்கும் வாய்ப்பு இதனால் வாய்த்தது. அவர்கள் கற்கும் கட்டளைகள் காலத்தோடு மாறும்; இன்றைய மென்பொருள் நாளை வழக்கிழக்கும். மாறாதது, பிழை தோன்றிய இடத்தில் பதறி நின்றுவிடாமல் அதன் ஊற்றை நாடி ஒவ்வொரு படியாகச் செல்லும் பொறுமை. சாட்சியைக் காத்து, அயலை விசாரித்து, மதகைப் பார்த்து, குளத்தை அளந்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னரே மண்வெட்டியை எடுக்கும் அந்தப் பழக்கத்தை, மேற்கே உள்ள வட்டைகளிலே அவர்களுடைய பாட்டன்மார் நெடுங்காலம் பயின்று வந்திருக்கின்றனர்.